மோதிரத்தின் உள்பக்கம்

இதனால் சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஓஹையோ மாநிலம், கெட்டில்ஃபோர்ட் ஊர், வால்நட் தெருப் பூங்காவில், அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணியளவில், பிக்னிக் கொட்டகைக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே, புல்லுக்கு ஒரு அங்குலம் கீழே, மானுட குலத்தின் நேர்மை கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்தவர் திரு. டெல்மர் கீன், வயது ஐம்பத்தெட்டு, பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். நேர்மையோடு ஒட்டிக்கொண்டு ஒரு தங்க மோதிரமும் வந்தது.

மோதிரம் கிடைத்தது ஒன்றும் அதிசயமில்லை. வார இறுதியானால் மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தமிடும் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பூங்கா பூங்காவாக அலைகிறவர் அவர். அதில் ஒரு கஷ்டம் உண்டு. தங்க மோதிரமும் சோடா டின்னைத் திறக்கிற வளையமும் அந்த மெஷினுக்கு ஒரே ஜாதி. இரண்டுக்கும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும், ஒரே மாதிரி 'டிங்' என்னும். தங்கம் வேண்டுமென்றால் டின் வளையம் அத்தனையையும் மண்டியிட்டுத் தோண்டியாக வேண்டும். ஏழு வருஷமாக டெல்மர் அப்படித்தான் தோண்டிக்கொண்டிருந்தார். கராஜில் ஒரு பெரிய ஜாடி நிறைய வளையங்கள் இருந்தன. அந்தச் சனிக்கிழமை மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது வளையம் மஞ்சளாக மின்னியது. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவினார். உள்பக்கம் எழுத்து தெரிந்தது: 'ஜே-வுக்கு, எச். ஜூன் 14, 1986.'

யாரோ ஒரு ஜே. யாரோ ஒரு எச். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ வெறும் விரலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்தக் கணமே தீர்மானித்தார். அதில் சந்தேகமே இல்லை, நல்ல மனுஷன். ஆனால் நல்ல காரியம் செய்யப்போகிறோம் என்று தெரிந்த அடுத்த கணமே, அது நாலு பேருக்குத் தெரிந்தால் தேவலை என்றும் தோன்றிவிட்டது. பொதுவாக இந்த இரண்டு எண்ணத்துக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற இடைவெளிகூட இருப்பதில்லை.

அங்கேயே, முழங்கால் மண்ணோடு, ஊர் ஃபேஸ்புக் குழுவில் இரண்டு படம் போட்டார். ஒன்றில் உள்ளங்கையில் மோதிரம். பின்னால், தற்செயலாக நுழைந்துவிட்டதுபோல, அவருடைய முகம். இன்னொன்று மோதிரத்தின் உள்பக்கம், எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று. மேலே ஒரு வரி: 'நேர்மை இன்னும் சாகவில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்.'

போன மாதம் அவர் போட்ட பழைய பெல்ட் பக்கிளுக்கு மூன்று லைக் விழுந்தது. மனைவி, மனைவியின் தங்கை, அவரே. இன்றைக்கு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் அறுநூறு.

"மார்னி, இங்க வந்து பாரேன்! 'உங்களைப் போல ஆளுங்க இருக்கிறதாலதான் மழை பெய்யுது'ன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க."

மனைவி மார்னி கைத் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் முன்மேசையில் உட்கார்ந்து இருபது வருஷமாக மனிதர்களைப் பார்த்தவள் அவள். முதல் படத்தைப் பார்த்து, "மூக்கு நல்லா விழுந்திருக்கு," என்றாள். இரண்டாவது படத்தைப் பார்த்ததும் துண்டை மேசையில் வைத்தாள்.

"டெல்மர். உள்ள எழுதியிருக்கிறதையும் போட்டுட்டியா?"

"ஆமா. அப்பத்தானே சொந்தக்காரங்களுக்குத் தெரியும்..."

"ஊருக்கே தெரியுமேப்பா. நாளைக்கு ஒருத்தன் வந்து 'என்னுது'ம்பான். 'உள்ள என்ன எழுதியிருக்கு சொல்லு'ன்னு கேப்ப. 'ஜே-வுக்கு, எச்'னு சொல்வான். அப்ப என்ன பண்ணுவ தொரை?"

டெல்மர் மறுபடி போனைக் கையில் எடுத்தார்.

டெல்மர் சேர்ந்திருந்த கெட்டில்ஃபோர்ட் புதைபொருள் தேடுவோர் சங்கத்துக்கு ஆறு விதிகள் உண்டு. கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று, மார்பில் கைவைத்து, அந்த ஆறையும் ஒப்பிப்பார்கள். நாலாவது விதி: 'கிடைத்த நகையின் தனி அடையாளத்தை வெளியிடேன், உரிமை கோருபவர் வாயால் அதைக் கேட்டறிவேன்.' ஏழு வருஷம், மாதம் தவறாமல், நல்ல கம்பீரமான குரலில் டெல்மர் இதை ஒப்பித்திருக்கிறார். ஒப்பிக்கிற பழக்கத்தில் உள்ள வசதியே அதுதான், வாய் பார்த்துக்கொள்ளும், தலைக்கு வேலையில்லை.

படத்தை நீக்கினார். அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் பேர் தங்கள் பக்கங்களில் அதை ஒட்டிவிட்டிருந்தார்கள்.

ஞாயிறு மாலைக்குள் ஏழு பேர் உரிமை கோரினார்கள். ஏழு பேருக்கும் எழுத்து தேதியோடு மனப்பாடம். ஒருவர் பெயர் ரஸ்ஸல். 'ஜே' என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயராம். இன்னொரு பெண்ணுக்கு 1986-இல் தொட்டிலில் கிடந்திருக்க வேண்டிய வயது. அதைச் சொன்னதும், "அது எங்க பாட்டியோடது," என்று திருத்திக்கொண்டாள். பாட்டி பெயர் டோரதி. சின்சினாட்டியிலிருந்து ஒருவர், மோதிரத்தைத் தபாலில் அனுப்பினால் போதும், நேரில் வந்து தொந்தரவு தர விரும்பவில்லை என்று பெருந்தன்மையோடு எழுதியிருந்தார்.

டெல்மருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த ஏழில் நிஜமானவர் ஒருவர் இருந்தால்? அவரைப் பொய்யர் என்று விரட்டிவிட்டால்? பொய்யர் கையில் கொடுத்துவிட்டால், அது தோண்டி எடுத்துத் திருடியதற்குச் சமம்தானே? மண்ணுக்குள்ளேயே கிடந்திருந்தால்கூட அந்த ஜே-வுக்கு என்றாவது கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கும். இப்போது அதையும் தானே கெடுத்துவிட்டோமே என்று நினைத்து நினைத்து இரவெல்லாம் புரண்டார். திங்கட்கிழமை காலை இரண்டு நிறுத்தங்களில் பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டிப் போய்விட்டார். பிள்ளைகள் கோரஸாகக் கத்தியபிறகுதான் பிரேக்கைத் தேடினார்.

இந்தக் கவலையெல்லாம் சங்கத் தலைவர் ஹார்லன் புரூயிட்டுக்குக் கிடையாது. இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக்குமேல் எப்போதும் சங்கத்தின் கையில்லாக் கோட்டு, அதில் பதினாலு பேட்ஜ். எப்போதோ ஒருவருக்குக் காலேஜ் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது பத்திரிகையில் வந்த படத்தை பிளாஸ்டிக் உறை போட்டு பர்சில் வைத்திருந்தார். மளிகைக் கடை வரிசையில் முன்னால் நிற்பவருக்குக்கூட அதைக் காட்டியிருக்கிறார். 'பாதுகாப்புக்காக' என்று ஞாயிறன்றே மோதிரத்தை வாங்கிப்போனவர், உரியவரையும் தாமே தேர்ந்தெடுத்துவிட்டார். அந்த ஏழு பேரில் ஒருவர், ஜூடித் வெதர்பி அம்மாள். சர்ச் பாடகர் குழு. கணவர் ஹவர்டு காலமாகி ஐந்து வருஷம்.

"ஜே ஜூடித், எச் ஹவர்டு. சரியாப் போச்சா?" என்றார் ஹார்லன் திங்கட்கிழமை மதியம் போனில். "அது மட்டுமில்ல டெல்மர், அழுதாங்க. நான் கண்ணால பாத்தேன். நாளைக்கு மீட்டிங்குல வெச்சுக் குடுத்துடலாம். பேப்பர்காரன் வரான், கவுன்சில் மெம்பர் வராரு, கேக் சொல்லியாச்சு."

"நாலாம் விதி, தலைவரே..."

"அந்த விதியை எழுதினதே நான்தான்யா!"

திங்கட்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு டெல்மர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். அறுபதை ஒட்டிய பெண்மணி. சமையலறை வேலைக்குப் போகிறவர்கள் போடுகிற வழுக்காத கறுப்பு ஷூ, தலையில் இன்னும் கழற்றாத வலைத்தொப்பி. பெயர் ஜோலீன் டார்பி. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை.

"நீங்கதான் மோதிரக்காரரா?" என்றார். "எனக்கு இந்த போன் கீன் எல்லாம் வராதுங்க. கூட வேலை செய்யுற பொண்ணு சொல்லிச்சு. ஆகஸ்ட்ல எங்க ஆளுங்க எல்லாம் வால்நட் தெருப் பார்க்குல பிக்னிக் போட்டோம். பர்கருக்குக் கறி பிசையணும்னு மோதிரத்தைக் கழட்டி மேசை ஓரமா வெச்சேன். அப்புறம் காணல. நாலு ஞாயித்துக்கிழமை போய்த் தேடினேன். புல்லைக் கையால அளைஞ்சு அளைஞ்சு பாத்தேன்."

டெல்மர் மெதுவாகக் கேட்டார்: "உள்ள ஏதாவது எழுதியிருக்குமா?"

"இருக்கும். எங்க பேரோட முத எழுத்து. கூடவே தேதியோ என்னமோ. எனக்குக் கண்ணாடி இல்லாம அதெல்லாம் தெரியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு சொல்றேன். ஒரு தடவை கை வீங்கி, ஆஸ்பத்திரியில மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தாங்க. அப்புறம் பெரிசாக்கி ஒட்ட வெச்சோம். ஒட்டின எடத்துல உள்பக்கம் ஒரு மேடு. எழுத்துக்கு நேரெதிரா. கண்ணுக்குத் தெரியாது. நகத்தால தடவினா தட்டும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் உறுத்தும், சனியன்."

எழுத்துக்கு நேரெதிராக. டெல்மர் எடுத்த படத்தில் அந்தப் பக்கம் விழவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரே அடையாளம் இப்போது அவர் வாசலில் நின்றது.

"நாளைக்கு வேற யாருக்கோ குடுக்கப் போறீங்களாமே, அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு." என்றார் ஜோலீன். "அப்படியா சார்?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா," என்றார் டெல்மர். மனிதன் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து கண்டுபிடித்த வாக்கியங்களிலேயே முதுகெலும்பில்லாத வாக்கியம் அது.

ஜோலீன், "எனக்கு அது வேணுங்க. என்னுது அது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

டெல்மர் ஹார்லன் வீட்டுக்கு ஓடினார். மோதிரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்க்க விடுங்கள் என்று கெஞ்சினார். ஹார்லன் வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றார்.

"அந்த அம்மாவுக்குத் தேதி தெரியுமா?"

"தெரியாதாம்."

"பாத்தியா! ஜூடித் அம்மா ஒரு புள்ளி விடாம சொன்னாங்கய்யா."

"நான் போட்ட போட்டோவப் பாத்துச் சொன்னாங்க தலைவரே!"

"டெல்மர், நல்லாக் கேளு. நாளைக்கு நீ ஹீரோ. சங்கத்துக்கும் பேரு. இப்பப் போயி போட்டோ போட்டேன், தப்பாப் போச்சு, ஏழு பேரு வந்தாங்கன்னு ஆரம்பிச்சா பேப்பர்ல என்ன வரும் தெரியுமா? 'முட்டாளுங்க சங்கம்'னு வரும். அப்புறம் நகராட்சி நம்மள எந்தப் பார்க்குலயும் நுழைய விடாது. கேக்குல வேற உன் பேரு எழுதியாச்சு."

வீட்டுக்கு வந்து மார்னியிடம் சொன்னார். அவள் ஏதாவது திட்டுவாள், அதில் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தார். மார்னி திட்டவில்லை. "அந்த மோதிரம் கைமாறிப் போச்சுன்னா அப்புறம் நீ எத்தனை நாள் புல்லை அளைஞ்சாலும் கெடைக்காது," என்றாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் டிவியைப் பார்த்தார்கள். என்ன ஓடியது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி. நூலகத்தின் கீழ்த்தளக் கூடம். மடக்கு நாற்காலிகள், காபி பானை, சங்கத்தார் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட் மூன்று வகை. மேசை நடுவே சதுரக் கேக். மேலே மஞ்சள் கிரீமில் மோதிரம், அதன் கீழே 'நன்றி டெல்மா'. கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை. முன்வரிசையில் நீலப் பட்டு ஸ்கார்ஃபில் ஜூடித் அம்மாள், மடியில் மடித்த கைக்குட்டை தயாராக. ஜோலீன் வரவில்லை, முதியோர் இல்லத்தில் இரவுச் சாப்பாட்டு நேரம் அது. டெல்மர் வாயைத் திறக்காவிட்டால் இந்தக் கூடத்தில் ஹார்லனையும் மார்னியையும் தவிர ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே பயமாகவும் இருந்தது.

எல்லோரும் எழுந்து மார்பில் கைவைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாம் விதி வந்தபோது டெல்மரின் வாய் திறந்தது, குரல் வரவில்லை. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு இருமல் மிட்டாய் நீட்டினார்.

பிறகு ஹார்லன் பேசினார். காலத்தை வென்ற காதல் என்றார். மண்ணுக்குள் புதைந்தாலும் மங்காத பொன் என்றார். மரணமே தலைகுனிந்து நிற்கிறது என்றார். மரணத்துக்கு அன்று வேறு வேலை இருந்திருக்க வேண்டும். கூடத்தில் தலைகுனிந்திருந்தது பொருளாளர் மட்டும்தான், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் வெல்வெட் பெட்டி டெல்மர் கைக்கு வந்தது. பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். ஜூடித் அம்மாள் உள்ளங்கையை நீட்டினார்.

டெல்மர் மோதிரத்தை எடுத்தார். எடுத்தவர் கொடுக்காமல் நின்றார். கட்டைவிரல் நகத்தை உள்ளே விட்டு எழுத்திலிருந்து மெதுவாக நகர்த்தினார். வழவழ. இன்னும் கொஞ்சம். வழவழ. அந்தம்மா சொன்னதும் பொய்தானா? நேரெதிர்ப் பக்கம் வந்தது. நகம் தட்டி நின்றது.

"குடுய்யா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார் ஹார்லன்.

"அம்மா," என்றார் டெல்மர். "தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி. இதை உள்பக்கமா தடவினா எப்படி இருக்கும்?"

ஜூடித் அம்மாள் யோசிக்கவே இல்லை. "வழவழன்னு பட்டு மாதிரி இருக்கும். ஹவர்டு எப்பவும் நல்லதாத்தான் வாங்குவாரு."

"இதுல ஒரு மேடு இருக்கும்மா. வெட்டி ஒட்டின எடம். போட்டோவுல தெரியாது."

ஹார்லன் டெல்மரின் முழங்கையைப் பிடித்தார். டெல்மர் உதறிக்கொண்டார். ஏழு வருஷத்தில் அவர் யார் கையையும் உதறியதில்லை.

"தப்பு என்னுது," என்றார். "உள்ள எழுதியிருந்ததை ஊருக்கே காட்டினேன். சொந்தக்காரங்களைக் கண்டுபிடிக்கணும்னு காட்டலைங்க. என்னை நாலு பேரு நல்லவன்னு சொல்லணும்னு காட்டினேன். உதவி செய்யுறப்போ ஒரு கண்ணு கேமராவுல இருந்தா, எதிர்ல நிக்கிற ஆளு கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. அடுத்தவங்க பொருள் நம்ம கையில கெடைச்சா நாம அதுக்குக் காவல்காரன், அவ்வளவுதான். அதை வெச்சு நாம பேரு வாங்கிக்கறதும் ஒருவிதத் திருட்டுதான். நேத்து ஒரு அம்மா என் வீட்டு வாசல்ல வந்து 'என்னுது'ன்னு சொன்னாங்க. அவங்களை நிக்க வெச்சே அனுப்பிட்டேன், இந்த கேக்குக்குப் பயந்துக்கிட்டு."

யாரும் கைதட்டவில்லை. பத்திரிகைக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். ஜூடித் அம்மாள் எழுந்தார். அவர் பொய் சொல்ல வந்தவர் என்று சொல்வதற்கில்லை. எங்கேயோ எப்போதோ அவரும் ஒரு மோதிரத்தைத் தொலைத்திருக்கலாம், ஃபேஸ்புக்கில் பார்த்துப் பார்த்து இதுதான் அது என்று தாமே நம்பியிருக்கலாம். "ஜே-ன்னு ஆரம்பிக்கிற பேரு ஊருல எத்தனையோ இருக்கு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போகிற வழியில் கேக்கில் பெரிய துண்டாக ஒன்று வெட்டி எடுத்துக்கொண்டார்.

"நாசமாப் போச்சு," என்றார் ஹார்லன். ஒரு நிமிஷம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "அந்த இன்னொரு அம்மா போட்டோவுக்கு நிப்பாங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் மதியம் முதியோர் இல்லத்தின் பின்வாசலில், குப்பை டப்பாக்களுக்குப் பக்கத்தில், டெல்மர் மோதிரத்தை ஜோலீன் கையில் வைத்தார். போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஜோலீன் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, நகத்தால் தடவிப் பார்த்தார்.

"ஆமா, சனியன், இதேதான்," என்றார். கண் கலங்கியிருந்தது. டெல்மருக்கும் கலங்கியது.

"உங்க வீட்டுக்காரரு ரொம்ப சந்தோஷப்படுவாரு," என்றார் டெல்மர்.

"ஹாங்க்கா? அவன் ஓடிப்போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. ஃப்ளோரிடாவுல எவளோடவோ இருக்கான்." மோதிரத்தை விரலில் போடாமல் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "ரொம்ப நன்றிங்க சார். உள்ள சூப் அடிப்பிடிக்குது, நான் வரேன்."

வெள்ளிக்கிழமை ஜோலீன் அதை அடகுக்கடையில் விற்றுவிட்டு காருக்கு இரண்டு டயர் மாற்றினார்.